இடப்பக்கக் குழாய்

கடற்காற்று தின்றது போக மிச்சமிருந்த சைலன்சரை
விரலால் அழுத்தினேன்.
ஊறிய பிஸ்கட் போல உள்ளே போனது.
எழுபத்திரண்டாம் வருட ஹோண்டா.
வாங்கிய நாளிலிருந்தே அடி மடிப்பில் ஓர் ஓட்டை;
அதன் வழியாக ஊருக்கே பேசிக்கொண்டு வரும்,
ஜாலான் பேராக் முச்சந்தியில் ஆரம்பித்து
சுங்கை பினாங் பிளாட்டின் தூண் வரைக்கும்.

தாய்லாந்திலிருந்து பெட்டி வந்தது.
அறுநூற்று நாற்பது வெள்ளி, தபால் செலவு தனி.
ஒரு மூலை நசுங்கியிருந்தது.
இரண்டு குழாய், இரண்டு சைலன்சர், ஒரு பை நட்டு.
எப்படி மாட்டுவதென்று ஒரு துண்டுத்தாள்கூட இல்லை.
கம்பெனி சாமானை யாரோ ஒரு தடவை பார்த்துவிட்டு
வீட்டுக்குப் போய் ஞாபகத்திலிருந்து செய்தது போலிருந்தது.

ஞாயிறு மாலை, கீழ்த்தளம்.
தனபாலன் டார்ச் பிடித்தார்.
இருபது வருடக் கல்யாணத்தில்
என் கை இருக்கும் இடத்தில்
அவர் வெளிச்சம் இருந்ததே இல்லை.
"கொஞ்சம் இடது" என்றேன்.
கொசுவை அடித்தார். இருட்டிவிட்டது.

மூன்று நட்டு முனகிக்கொண்டே கழன்றன.
நாலாவது
வெண்ணெய் மாதிரி இளகியது.
அந்த மென்மை எனக்குத் தெரியும்.
கழலுகிற மென்மை அல்ல.

டிக்.

பாதி ஸ்டட் ஸ்பானரோடு என் கையில்,
மீதி இன்ஜின் தலைக்குள்ளே.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச் மட்டும், வாழ்க்கையில் முதல் தடவையாக,
சரியான இடத்தில் நின்றது.

திங்கட்கிழமை வேலை முடிந்து
கூ சியூ ஹோக் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.
ஒடிந்த முனையில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தார்.
சிவந்தது, மங்கியது, சாம்பலானது.
கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே,
கடன்காரனிடம் பேசுவது போல அவசரமில்லாமல்.
வந்துவிட்டது.
"போலே லா" என்றார். பதினைந்து வெள்ளி.
அந்த அரை விரல் இரும்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்,
எதற்கென்று கேட்காதீர்கள்.

செவ்வாய் இரவு.
முதலில் செம்பு வளையம்,
அதன்மேல் இரண்டு அரைவட்டக் காலர்.
கிரீஸ் தடவி ஒட்டாவிட்டால் ஒன்று விழும்,
அதை எடுக்கக் குனிந்தால் மற்றது விழும்.
பின்பக்கப் பிடியில் எட்டு மில்லிமீட்டர் ஒத்துவரவில்லை;
செத்துப்போன மேசை விசிறியின் தண்டில்
ஒரு துண்டு அறுத்து இடையில் கொடுத்தேன்.
நட்டெல்லாம் விரல் இறுக்கம் மட்டும்.
எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானர்.
முன்கூட்டியே இறுக்கியது எதுவும்
பிறகு நகர்ந்து கொடுப்பதில்லை.

தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன்,
இரண்டு முறை.
குரோமில் கைரேகை இருந்தால்
முதல் சூட்டிலேயே வெந்து தங்கிவிடும்.

மூன்றாவது உதையில் பிடித்தது.
ஒரே புகை, உள்ளே பூசியிருந்த எண்ணெய்.
மேலே யாரோ ஜன்னலை அறைந்து சாத்தினார்கள்.
புகை கலைந்ததும் காது கொடுத்தேன்.
இதுதானா?
தொண்டையைச் செருமிவிட்டு
மெல்லப் பேசுகிற ஆள் மாதிரி.

இடப்பக்கக் குழாய் வளைவில்,
வைக்கோல் நிறம் நீலமாக மாறும் இடத்தில்,
பழுப்பாக ஒரு கட்டைவிரல்.
என்னுடையது அல்ல. என்னுடையதில் தழும்பு உண்டு.
"நான் தொடவே இல்லை" என்றார்.

புதன்கிழமை.
எட்டாம் மாடிக் கதவைத் திறந்தேன்.
பனியனோடு திடுக்கிட்டு எழுந்தார்.
மாவு வெளியே இருந்தது. வெங்காயம் நறுக்கியிருந்தது.
தோசைக்கல் மட்டும் குளிர்ந்து கிடந்தது.
"எப்ப வந்த?"

ஒன்பது வருடமாக, முச்சந்தியில்
அந்த ஓட்டை திரும்புகிற சத்தம் கேட்டுத்தான்
கல்லை ஏற்றியிருக்கிறார்.
நான் லிப்டைத்தான் பாராட்டிக்கொண்டிருந்தேன்,
என்றைக்கும் சரியான நேரத்தில் கொண்டுவந்து விடுகிறதென்று.

"நாளையிலிருந்து முச்சந்தியில ஹார்ன் அடி" என்றார்.
ஹார்ன் வேலை செய்யாது.
அது அடுத்த ஞாயிறு.
டார்ச்சுக்குப் புது பேட்டரி
வாங்கி வைத்திருக்கிறார்.