மிஞ்சிய டம்ளர்

ஜூனில் குடை.
குலசேகரத்து மழை தவணை கேட்டு வராது.
செப்டம்பரில் ஆசிரியர்களுக்குப் பேனா,
சத்துணவு தங்கபாய்க்கும் ஒன்று,
அரிசிக்கணக்கு எழுதுகிறவள் அவள்தானே.
ஜனவரி ஆண்டுவிழாவுக்கு
மார்த்தாண்டத்துக் கடையில்
நாற்பது எவர்சில்வர் டம்ளர்.
கையெழுத்து, வருகை, நகச்சுத்தம் எல்லாம் போக
ஒன்று மிஞ்சியது.

பேனா மூடியைக் கடித்தபடி எழுதினேன்:
'சொட்டும் குழாயைத் தினமும் அடைத்தவன்,
ஏழு பி, ஷிபின்ராஜ்.'
மேடையில் பேந்தப் பேந்த விழித்தான்.
கைதட்டல் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

மறுநாள் குழாய் திறந்தே கிடக்கிறது,
வராந்தாவரை ஈரம்.
பக்கத்திலேயே நிற்கிறான்.

"எனக்குக் கிட்டியாச்சுல்லா டீச்சரே,
இனி வேற ஆருக்காவது கிட்டட்டும்."

கையில் அந்த டம்ளர்,
தளும்பத் தளும்ப.