பதினொரு நிமிடம்

ஐந்தாம் வகுப்புக்கு நான் திரையில் காட்டியது
என் பால்கனியைத்தான்.
ஒரு பூனை, இரண்டு தொட்டிச் செடி, காயப்போட்ட காலுறை.
முகம் இல்லை, முகவரி இல்லை.
"யார் வீடு, எந்தத் தெரு, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்."
வால்பராய்சோவில் குன்றுகளா குறைவு?
மதியம் வரை ஓடும் என்று கணக்குப் போட்டு
காப்பி ஊற்றிக்கொண்டேன்.

பால்தசார் முதலில் துறைமுகத்தின் பாரந்தூக்கியைப் பிடித்தான்,
கம்பிகளுக்கு அப்பால், கட்டைவிரல் அளவு.
"கடலுக்கு இடப்பக்கம் தெரிகிறது,
அப்படியென்றால் வீடு கிழக்கே."
பென்சிலால் மேசையிலேயே வரைந்தான். நான் திட்டவில்லை.
ரெனாத்தாவுக்கு எதிர்வீட்டுத் தகரச் சுவர் போதும்.
அவள் அத்தை வீட்டுக்குப் போகும் வழியில்
அந்த மஞ்சள் உரிந்து உரிந்து
மீன் மாதிரி ஆகியிருக்கிறதாம்.
ரொட்டிப் பையில் பேக்கரியின் பாதிப் பெயர்.
மீதிப் பாதியை வகுப்பே கத்தியது.

பதினொரு நிமிடம்.
காப்பி நாக்கைச் சுட்டது.

"ப்ரோஃபே, கேஸ் சிலிண்டர் வெளியிலேயே நிற்கிறது,
எவனாவது தூக்கிக்கொண்டு போகப்போகிறான்!"
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோல்
பாடம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.
மார்க்கரின் மூடியைத் திறந்து
முதல் விதியை எழுதத் திரும்பியபோது

அயெலென் கை தூக்கினாள்.

மார்ச் மாதம் சேர்ந்தவள். இது செப்டம்பர்.
இதுவரை அவள் கை
மேசைக்கு மேலே வந்து நான் பார்த்ததில்லை.

"ஜன்னல் கண்ணாடியில் நீங்கள் இருக்கிறீர்கள்" என்றாள்.
பெரிதாக்கினேன்.
போன் பிடித்த கை, ஒரு தோள், என் பச்சை ஸ்வெட்டர்.
"நிழல் தொட்டிக்கு வலதுபக்கம் விழுகிறது.
இந்த நேரத்துக்கு வீட்டில் இருப்பீர்கள் என்றும் தெரியும்."
ஏதோ மளிகைக் கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.
பிறகு, உட்காராமலே:
"தேடுகிறவர் தெரிந்தவராக இருந்தால்
என்ன செய்ய வேண்டும், ப்ரோஃபே?"

நான் அச்சடித்த தாளில்
'அந்நியர்' என்ற சொல் ஏழு இடத்தில் இருக்கிறது.
எண்ணிப் பார்த்தேன், பதில் சொல்லாமலிருக்க.

வகுப்புப் படங்கள் எல்லாவற்றிலும் இந்தப் பெண்
குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பாள்.
எத்தனை தடவைதான் அவிழும் என்று
ஆசிரியர் அறையில் கேலிகூடச் செய்திருக்கிறேன்.
மே மாதச் சுற்றுலாவில் மட்டும்
கடல்சிங்கத்தைப் பார்த்து நிமிர்ந்துவிட்டாள்,
வாய் திறந்து, காற்றில் முடி பறக்க.
எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று
பெற்றோர் குழுவில் நான்தான் போட்டேன்.
பின்னால் பேருந்து நிறுத்தத்தின் பெயர்ப்பலகை.
ஜூனில் அவர்கள் வேறு குன்றுக்குக் குடிபோனார்கள்.
ஈரம், சுவர் பூசணம் என்றாள் அம்மா.
நம்பினேன். இந்த ஊரில் யார் சுவரில் பூசணம் இல்லை?

மணி அடித்தது. தாள்களை வாங்கினேன்.
அவள் தாளில் 'பெயர்' என்ற இடம் காலி.

இரவு ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக எழுதினேன்:
மே மாதப் படத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள்,
காரணம் கேட்காதீர்கள்.
சிலர் கட்டைவிரல் அனுப்பினார்கள்.
கட்டைவிரல் அழித்ததற்குச் சாட்சியா, தெரியவில்லை.
தியோவின் அப்பா மன்னிப்புக் கேட்டார்:
பெருமையில் அன்தோஃபகாஸ்தா உறவுக்காரர்களுக்கெல்லாம்
அன்றைக்கே அனுப்பிவிட்டாராம்.
அவர்கள் எத்தனை பேர்? சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தது.

திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன்.
வெளியே விடப்பட்ட பூனை கண்ணாடியைப் பிராண்டுகிறது.
மணி ஒன்றே கால்.
இன்னும் ஐந்து பேர் செய்தியைப் பார்க்கவில்லை.
அதில் ஒருவர் யாரென்று எனக்குத் தெரியாது,
படம் மட்டும்தான் முகப்பில் இருக்கிறது:
ஒரு மலை, மேலே பனி.
பெரிதாக்கிப் பார்க்கிறேன்.