தொண்ணூற்றொன்று

மாதா படம் போட்ட கலண்டரில்
தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதுவேன்,
லைற் போடுகிற நேரம் ஸ்டூலில் ஏறி
மீற்றர் காட்டும் இலக்கத்தை.
நேற்றையதைக் கழித்தால் மூன்று வரவேணும்.
மூன்று என்றால் மாதம் தொண்ணூறு.
அதைத் தாண்டினால்
கறண்ட் பில் வேறொரு ஆளாய் மாறி
வாசலில் வந்து நிற்கும்.

எமிலுக்கு ஐஸ் பக்டரியில் இரவு வேலை.
விடியவிடியக் குளிரைச் செய்து அடுக்கிவிட்டு
குருநகர்க் கரையால் சைக்கிளில் வருவான்,
காற்சட்டை நனைந்து, விரல்கள் வெளிறி.
இங்கே வீட்டில்
ஃபானுக்கு நேரக்கணக்கு.

வைகாசிக் கடைசியில் சோளகம் பேரும்.
அன்றைக்கே ஃபானைத் துடைத்து
சீலைத்துண்டால் மூடிவிடுவேன்.
மேற்குப் பக்க யன்னல் இரண்டையும் திறந்து
ஈரச் சாரத்தைக் கம்பியில் கட்டினால்
படுக்கை மட்டும் கடல் வரும்.
புழுதியும் வரும், ஒரு நாளைக்கு மூன்றுதரம்.
பரவாயில்லை,
விளக்குமாறு யூனிற் தின்னாது.

ஐப்பசியில் தகரத்தின் கீழே பீப்பா.
முதல் மழையை ஓடவிடவேணும்,
அது காகங்களின் கணக்கு.
இரண்டாம் மழையிலிருந்து
தோய்க்கிறதும் கழுவுகிறதும் வானத்தின் செலவு.
மோட்டர் தன்பாட்டில் துருப்பிடித்துக்கொண்டு கிடக்கும்.
ஆனால் ஜெனிற்றாவின் வெள்ளைச் சட்டை காயாது.
அயன்பெட்டியைத் தொட எனக்கு மனம் வராது.
அரை ஈரத்தில் மடித்துப் பாயின் கீழே வைத்து
அவளை மேலே படுக்கச் சொன்னேன்.
காலமை பார்த்தால்
முதுகு முழுக்கப் பாயின் வரி.
"ரீச்சர் கேட்டா?"
"கோடு போட்ட சட்டை எண்டு சொல்லு."
அவள் சிரிக்கவில்லை.
நானும்தான்.

தையில் பிறிஜ்ஜையும் நிற்பாட்டினோம்.
உடைந்த ஐஸ்துண்டு ஒன்று
சாக்கில் சுற்றி எமிலோடு வரும்.
றெஜிபோம் பெட்டிக்குள் ஒட்டி மீன்
இரண்டு நாளைக்குக் கண் மங்காமல் கிடந்தது.
அந்த மாதம் ஐம்பத்தெட்டு!
கலண்டரில் வட்டம் போட்டேன்.
ஆருக்காவது காட்டவேணும் போலிருந்தது.
அடுத்த வீட்டுப் பிறிற்றோ அக்காவுக்குச் சொன்னால்
காசில்லாமல் கிடக்குதுகள் என்பா.

பங்குனி அப்படியில்லை.
பங்குனியில் காற்று செத்துவிடும்.
கிணறு வற்றாது, அடியில் உப்பு ஏறும்.
மோட்டரை ஒரேயடியாய் இழுக்கவிட்டால்
தேத்தண்ணி கரிக்கும்.
காலமை ஐந்து நிமிடம், பின்னேரம் ஐந்து,
இடையில் ஊறட்டும் என்று
கிணற்றுக்கும் ஓய்வு கொடுத்தேன்.

பதினேழாம் தேதி மத்தியானம்
ஒன்றரைக்கு ஃபானை நிற்பாட்டினேன்.
அதுதான் அதற்குரிய நேரம்.
எமில் நித்திரையில் புரண்டான்.
கழுத்துக்குழியில் வேர்வை
ஒரு மேசைக்கரண்டியளவு தேங்கி நின்றது.
இரவு முழுக்க ஐஸ் தூக்கின தோள்
பாயில் ஈரமாய் அச்சுப் பதித்திருந்தது.
ஊருக்கெல்லாம் குளிர் செய்கிறவன்.
திரும்பப் போட்டேன்.
போட்டுவிட்டு,
அந்தப் பிழைக்குப் பக்கத்திலேயே
நானும் படுத்துக்கொண்டேன்.
எழும்பியபோது ஐந்தரை.

கலண்டரில் அன்றைக்கு நான்கு.
பிறகு ஒருநாளும் அதை ஈடுகட்ட முடியவில்லை,
இருட்டில் இருந்து சாப்பிட்டும்.

மீற்றர் பார்க்கிற பொடியன் ஹெல்மெற்றோடே எட்டிப் பார்த்து
மெசினில் தட்டினான்.
"அக்கா, நேற்று வந்திருந்தா
எண்பத்தெட்டிலை நிண்டிருக்கும்.
இப்ப தொண்ணூற்றொண்டு."
துண்டை நீட்டிக்கொண்டே
குளிர்தண்ணி கேட்டான்.

பானைத்தண்ணிதான் இருந்தது.
மண்ணில் புதைத்து, சுற்றி ஈரச்சாக்கு.
குடித்துவிட்டு
செம்பைக் கவிழ்த்துப் பார்த்தான்.
"இது எந்தப் பிறிஜ்?"
உள்ளே ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது.
நான் நிற்பாட்டப் போகவில்லை.