நான்காம் எண் மெஷின்

ஒரு பெசோவுக்கு ஐந்து நிமிடம்.
நாங் பெர்லாவின் கடை வாசலில்
ஆறு மெஷின்கள், ஆறிலும் காசு விழுங்கும் வாய்.
நான்காவதில் மட்டும் விசிறி கத்தும்,
அதனால் யாரும் உட்காருவதில்லை,
அதனால் அது எங்களுடையது.

கல்லூரியிலிருந்து ஹாரோவுக்கு
ஜீப்னியில் பதின்மூன்று பெசோ.
நடந்து வந்தால் அறுபத்தைந்து நிமிடம் என்போம்.
நடக்க ஆகும் நேரமில்லை,
கிடைக்கும் நேரம்.
மதியச் சோற்றில் முட்டை வேண்டாமென்றால்
இன்னொரு எழுபத்தைந்து.
அடைமழையில் குடையில்லாமல் தொப்பலாக வந்து
தலை துவட்டாமலே சொன்னான் ஜெஸ்ரில்:
"ஒரு மணி நேரம் சம்பாதிச்சாச்சு."

ஓசியில் கிடைத்ததையெல்லாம் ஆடித் தீர்த்திருந்தோம்.
முதல் அரைமணி மட்டும் தரும் ஆட்டங்கள்,
ஒவ்வொரு உயிருக்கும் ஒரு விளம்பரம் கேட்கும் ஆட்டங்கள்,
சனி ஞாயிறு மட்டும் கதவு திறக்கும் ஆட்டங்கள்.
எத்தனையோ கதைகளின் முதல் அத்தியாயம்
எங்களுக்கு மனப்பாடம்.

பிறகு அந்த மலை ஆட்டம் விலை இறங்கியது.
பதினோரு மாதமாக எல்மர்
அதன் விலையைத்தான் தினமும் பார்த்துவந்தான்,
சிலர் வானிலை பார்ப்பதுபோல.
நூற்று எண்பது பெசோ.
சீட்டுக் கட்டுகிற மாதிரி சேர்த்தோம்:
எல்மர் எழுபது, மைலின் ஐம்பது,
ஜெஸ்ரில் நாற்பது.
என்னிடம் இருந்தது இருபது.

ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு.
ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே.
ஆட்டத்தைச் சேமிக்க மூன்றே இடம்.
இருபது பெசோக்காரி நான்
உப்புக்குச் சப்பாணி.
யார் ஆடினாலும் முதுகுப்பக்கம் நின்று
"இடது, இடது" என்று கத்துவேன்.

நான்காம் மெஷினுக்கு அந்த மலை கனம்.
நிழல்களை அணைத்தோம்.
புல்லை அணைத்தோம்.
மேகத்தை, தண்ணீரின் பளபளப்பை,
தூரத்து மரங்களை.
கடைசியில் ஒரு வெள்ளைச் சரிவும்
அதில் கோட்டுப் போட்ட ஒருவனும் மட்டும் மிஞ்ச
ஓடியது.
பனியைக் கண்டிராத நால்வரும் நம்பினோம்,
பனி இப்படித்தான் விழும் என்று,
சதுரம் சதுரமாக.

இரண்டாம் வருடக் கட்டணத்தை எல்மர் கட்டவில்லை.
அவன் மாமா ஒரு கப்பலின் சமையற்கட்டில் சொல்லிவைத்தார்.
"தட்டுதான் கழுவப்போறேன்,
ஆனா டாலர்ல கழுவுவேன்."
போவதற்கு முந்தின நாள்
தன் ஆளைக் குகை வாசலில்
நெருப்பருகே உட்காரவைத்துச்
சேமித்துவிட்டு எழுந்தான்.

"அவன் இடத்த நீ எடுத்துக்கோ" என்றாள் மைலின்.
எடுத்திருக்கலாம்.
அழித்துவிடவா என்று மெஷின் கேட்டது.
அது கேட்டபடி நிற்க
இரண்டு பெசோ கரைந்தது.
இல்லை என்று அழுத்தினேன்.
ஜெஸ்ரிலின் ஆளையே வாடகைக்கு எடுத்தேன்,
நாளுக்கு ஒரு குச்சி,
சர்க்கரைப் பாகில் வறுத்த வாழைப்பழம்.

ஏழு மாதம்.
முதல் மாதம் இரண்டு போட்டோ அனுப்பினான்.
அப்புறம் ஒன்றுமில்லை.

நேற்று வியாழக்கிழமை.
எட்டு பெசோ போட்டிருந்தேன்,
கயிற்றுப் பாலத்தில் பாதி தாண்டியிருந்தேன்.
திரை கறுத்தது.
ஒரே ஒரு வரி:
இந்தக் கணக்கை வேறொருவர் பயன்படுத்துகிறார்.

ஜெஸ்ரில் என் தோளுக்குப் பின்னால் நின்றான்.
மைலின் வாசலில், போனில்
அவள் அம்மாவோடு சண்டை.
ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்தோம்.
மூன்று பேர்.

திரும்ப நுழைந்தால்
அங்கே அவன் வெளியே விழுவான்.
எந்தத் துறைமுகமோ,
எந்தக் கடையின் இலவச வைஃபையோ,
எத்தனை நிமிடமோ அவனுக்கு.

"விடு" என்றான் ஜெஸ்ரில்.
கடிகாரத்தில் இன்னும் பதினைந்து நிமிடம்.
விசிறி கத்திக்கொண்டிருந்தது.
எழுந்திருக்காமல்
அந்தக் கறுப்புத் திரைக்கு முன் உட்கார்ந்து
மிச்சமிருந்த மூன்று பெசோவையும்
கடைசி நொடிவரை செலவழித்தேன்.