தொடர எஃப்-1 அழுத்தவும்

முதலில் அது கூவியது.
ஒரு நெடில், இரண்டு குறில்.
பள்ளியில் அசை பிரித்ததற்குப் பிறகு
இவ்வளவு கவனமாக எதையும் நான் எண்ணியதில்லை.

எஸ்.பி. ரோடு, கேவல்சந்த் கடை.
ஏதோ கம்பெனி கழித்துக்கட்டிய பெட்டி,
மூவாயிரத்து எண்ணூறு.
சொத்து எண் ஸ்டிக்கர்கூட இன்னும் உரியவில்லை.
"கண்ணை மூடிக்கிட்டு ஓடும் மேடம்" என்றார்.
கண்ணை மூடிக்கொண்டது மட்டும் உண்மை.

லிங்கராஜபுரம், மூன்றாவது மாடி, இரவு பதினொன்று இருபது.
ரேமைக் கழற்றி
அதன் தங்கப்பல் வரிசையை
அழிரப்பரால் தேய்த்தேன், ஊதினேன்,
டக்கென்று உட்காரும்வரை அழுத்தினேன்.
கூவல் நின்றது.

பென்டிரைவில் இயங்குதளம் தயாராக இருந்தது.
கையெழுத்து செல்லாது என்றது பெட்டி,
சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் ஜன்னல் மாதிரி.
செக்யூர் பூட்.
பூட்டு என்றுதான் என் காதில் விழுகிறது.
திறந்தேன், சேமித்தேன்.
கரண்ட் போனது. வந்தது.
பூட்டு மறுபடி பூட்டியிருந்தது.

அப்போதுதான் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன்:
ஜனவரி 1, 2014.
நான் ஜோலார்பேட்டையில் ரயில் மாறி
இந்த ஊருக்கு வர
அங்கிருந்து இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.
ஃபெலிக்ஸ் என்று ஒருவன் இருப்பதே தெரியாது.
கரண்ட் போகும்போதெல்லாம்
பெட்டி அங்கே போய் நின்றுகொள்கிறது,
சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு.

பொத்தான் பேட்டரி செத்திருக்கிறது.
நள்ளிரவில் எந்தக் கடையைத் தட்டுவது?
குளியலறை எடை மெஷினைக் கவிழ்த்தேன்.
அதே வட்டம்.

ஒன்றே கால் மணிக்கு நிறுவல் முடிந்தது; வாழ்த்துகூடச் சொன்னது.
மறுதொடக்கம்.
மறுபடி நிறுவலின் முதல் பக்கம்.
மறுதொடக்கம்.
அதே பக்கம்.
நான்காவது தடவை சிரித்துவிட்டேன்:
பால் காய்ச்சப் போன வீட்டு வாசலில்
புரோக்கர் நின்றுகொண்டு
ஹால் பாருங்க, கிச்சன் பாருங்க என்று
ஆரம்பத்திலிருந்து ஆரம்பிக்கிறான்.
பென்டிரைவைப் பிடுங்கினேன்.
ஹார்ட் டிஸ்க் தொண்டையைச் செருமியது.

மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் கழற்றி
பெட்டியைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தேன்.
ஆளைக் காணோம்.
மானிட்டரை மறுபடி தூக்கி வந்து மாட்டினால்,
கறுப்பில் ஒரே ஒரு வரி:
விசைப்பலகை இல்லை; தொடர எஃப்-1 அழுத்தவும்.

எதால் அழுத்த
என்று சத்தமாகவே கேட்டேன்.
எதிர்வீட்டு நாய் குரைத்தது.
இதை எழுதியவர் யாரென்று தெரியாது,
ஆனால் சந்தித்திருக்கிறேன்.
கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று கேட்டவர் அவர்தான்.
எதைக் கொடுக்கலாம் என்றேன்.
கேஸ் ரசீது கொடுங்கள் என்றார்.

அமைப்புகளுக்குள் ஒன்பதாவது பக்கத்தில்
அந்தப் பிடிவாதத்துக்கும் ஒரு சுவிட்ச் இருந்தது.
பிறகு, மூன்று மணிக்குச் சற்று முன்,
லேப்டாப்பில் அதன் முகவரி தெரிந்தது:
192.168.1.14.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
லீஸ், இருபத்துநாலு மணி நேரம்.

உனக்குமா?

பதினொரு வருடம், ஏழு வீடு.
ஏழு தடவை பத்து மாத அட்வான்ஸ்,
ஏழு தடவை பெயின்டிங் என்று பிடித்தம்.
அந்த ஒப்பந்தங்களெல்லாம் ஸ்கேன் ஆகி
இந்தப் பெட்டிக்குள்தான் குடிபோகப் போகின்றன,
அலசூர் வீட்டு ஒழுகும் சுவரின் நாற்பது படங்களும்.

ரவுட்டரைத் திறந்தேன்.
அந்த எண்ணை அதன் பெயருக்கே எழுதி வைத்தேன்.
நிரந்தரம் என்ற கட்டத்தில் ஒரு டிக்;
எந்தப் படிவத்திலும் நான்
'மேற்படி' என்று எழுதிவிட்டுக்
கடந்து போகிற கட்டம்.

காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த ஃபெலிக்ஸ்
எடை மெஷின்மேல் ஏறினான்.
இறங்கினான்.
காலால் தட்டிவிட்டு மறுபடி ஏறினான்.
"ஏய், நான் இல்லையாம்" என்று
குளியலறையிலிருந்து கத்தினான்.

எஃப்-1 அழுத்து என்றேன்,
போர்வைக்குள்ளிருந்து.