எட்டாவது நிமிடம்

வீகோ நகரத்துத் தெருக்கள் படிக்கட்டாகவே பிறந்தவை.
பேருந்து கிளம்புகிறது, ஓடினால் பிடித்துவிடலாம்.
நான் ஓடுவதில்லை.

செருப்புக் கடைக் கண்ணாடிமுன் நிற்பேன்,
கல்லான தொடை மறுபடி சதையாகும்வரை.
அங்கே எல்லா ஜோடிக்கும் விலை தெரியும் எனக்கு.

நின்று நின்று நடந்தால் எட்டாவது நிமிடத்தில்
உள்ளே ஒரு மதகு திறக்கும்.
அப்புறம் காஸ்ட்ரோ குன்றுவரைகூடப் போவேன்.
'நடிக்கிறாள்' என்று எழுதிய விளையாட்டு ஆசிரியைக்கு
இதை எப்படிச் சொல்ல?

மார்ச்சில் தம்பி பிரெய்ஷோ வீடு மாறினான்.
ஃப்ரிட்ஜுக்கு ஒரு கை கொடுத்தேன்,
இருபது விநாடி.
இரவு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில்.

"ஜிம்மில் அதிகமோ?" சிரித்தார் இளம் மருத்துவர்.
பர்ஸிலிருந்த அட்டையை நீட்டினேன்:
சிகே பாருங்கள். உடனே சலைன் ஏற்றுங்கள்.
சிறுநீரகம் காத்திருக்காது.
இரண்டாம் முறை படிக்கும்போது அவர் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவிடம் ஒரு பிழை, அப்பாவிடம் அதே பிழை.
இருவருக்கும் ஒன்றுமில்லை;
கல்யாணப் படத்தில் என்னமாய் ஆடுகிறார்கள்!

ஐந்தாம் நாள் பிரெய்ஷோ வீட்டுக்குப் போனேன்.
இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே நிற்கிறது ஃப்ரிட்ஜ்,
யாரோ அதன்மேல் பூத்தொட்டி வைத்திருக்கிறார்கள்.
சாய்ந்துகொண்டேன்.
இன்னும் இரண்டு மாடி.