விருப்பப்படி ஒன்று

ரிகாவிலிருந்து வந்த கடிதத்தில் நான்கு வரி:
பாக், பிரிலூடும் ஃபியூகும்.
சொனாட்டாவில் வேகமான ஒரு பகுதி.
எட்யூட் ஒன்று.
விருப்பப்படி ஒன்று.
முதல் மூன்றும் கிறிஸ்துமஸுக்குள் முடிந்தன.
நாலாவது வரி
எங்கள் வீட்டிலேயே குடியேறிவிட்டது.

எனக்குச் சங்கீதம் தெரியாது.
ஐஸ் ஹாக்கியில் கோல் காப்பவன் நான்.
ஆனால் லியபாயாவில் எங்கள் அடுக்ககச் சுவர் மெல்லிசு.
டார்த்தா அக்கா எங்கே தடுக்குவாள் என்று
அவள் விரலுக்கு முன்பே
என் தோள்பட்டைக்குத் தெரியும்.

எங்கள் பியானோ
மூடிப்போன மாலுமிகள் மன்றத்தில் ஏலம் எடுத்தது,
அறுபது யூரோ.
தூக்கி வந்த கூலி நூற்றிருபது.
நடுவில் ஒரு கறுப்புக்கட்டை மட்டும் ஊமை.
அழுத்தினால் இறங்கும், விட்டால் எழும்,
உள்ளே மரம் மரத்தைத் தட்டும்: டொக்.
சொத்தைப்பல்லை நாக்கு தேடுவதுபோல்
சும்மா இருக்கும்போதெல்லாம்
அக்காவின் நாலாம் விரல் அங்கே போகும்.

ஜனவரியில் இசைப்பள்ளியில் குழாய் வெடித்தது.
பயிற்சி அறைகளுக்குப் பூட்டு.
ஆசிரியை பிரசவ விடுப்பில்.
அப்புறம் ஆளாளுக்கு யோசனை.
போன வருடம் தேறிய ரைவிஸ் போனில் சொன்னான்:
"பெரிசா ஒண்ணு எடு. கடைசிப் பக்கத்துல
ரெண்டு கையும் ஆக்டேவ்ல ஓடணும்.
நடுவருங்க மதியம் தூங்குவாங்க."
அம்மா சொன்னாள்:
"உனக்குப் பிடிச்சதை வாசியேன்."
அதைவிடக் கொடுமையான யோசனை உலகத்தில் இல்லை.
எது பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதற்குள்
பிப்ரவரி பாதி போயிற்று.

சாப்பாட்டு மேசை முழுக்க நோட்டுத் தாள்கள்.
ருஷ்யத் தொக்காத்தா: கை எட்டவில்லை.
பிரெஞ்சுக்காரரின் அருவி:
அன்றைக்கே பதினோரு பேர்
அதே தண்ணீரை ஊற்றுவார்கள்.
ஹங்கேரிக்காரருக்கு இரண்டு வருடம் வேண்டும்,
கையிருப்பு பத்தொன்பது நாள்.

பீட்ரூட் சூப் சிந்திய ஒரு தாளைத் துடைக்கும்போதுதான்
அந்த மஸூர்கா கிடைத்தது.
ஒன்றரைப் பக்கம். மெதுவானது.
ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லாத வெளி.
"ஏழாங்கிளாஸ் பிள்ளைங்க வாசிக்கிறது.
சோம்பேறின்னு நினைப்பாங்க," என்றான் ரைவிஸ்.
அக்கா பதில் சொல்லவில்லை.
சூப்புக் கறையோடு தாளை ஸ்டாண்டில் சாய்த்தாள்.

அதில் அந்த ஊமைக்கட்டை
இருபத்து மூன்று முறை வருகிறது.
எண்ணியவன் நான்.
பள்ளிக்குப் போகும் வழியில் விசிலடித்தாலும்
அந்த இடத்தில் நாக்கை மடக்கி
டொக் என்றுதான் போடுவேன்.
எனக்கு அது அப்படித்தான் மனப்பாடம்.

மார்ச், ரிகா, மூன்றாம் மாடி நடை.
ஒரு பெண் வெந்நீர்ப் பையை
விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.
கதவுக்குப் பின்னால்
அருவி விழுந்தது, மறுபடி விழுந்தது,
மதியத்துக்கு மேல் மூன்றாவது தடவை.
பிறகு அக்கா போனாள்.
அவள் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான்.

ஃபியூக் போயிற்று.
சொனாட்டா போயிற்று.
எட்யூடில் என் தோள்பட்டை சொன்ன இடத்தில்
சரியாகத் தடுக்கினாள்.

மஸூர்கா. நாலாவது அளவில்
ஒரு சத்தம் வந்தது.
தப்பு, என்று எழுந்தே விட்டேன்.
கோட்டு கீழே விழுந்தது.
உள்ளே அவளும் ஒரு மூச்சு நின்றாள்,
தாளில் எழுதாத ஒரு மூச்சு,
இல்லை என்று பழகிய படியில்
கால் பட்டுவிட்டதுபோல.
அடுத்த முறை மெதுவாக வந்தாள்.
அதற்கடுத்த முறை இன்னும் மெதுவாக.
ஒன்பதுவரை எண்ணினேன்.

உள்ளிருந்து யாரோ "நன்றி" என்றார்கள்.
எல்லோருக்கும் சொல்வதுதான்.

பேருந்து நிலையத்தில்
புகைபோட்ட மீன் வைத்த ரொட்டி ஒன்றை
இரண்டாகப் பிய்த்தோம்.
"உனக்குக் கேட்டதா?" என்றாள்.
"எது?"
"சரி, விடு."
என் பாதியையும் வாங்கித் தின்றாள்.
ஊர் வரும்வரை
கையுறைக்குள் அவள் நாலாம் விரல்
முழங்காலை அழுத்தி அழுத்தி
எடுத்துக்கொண்டிருந்தது.